யூனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்) நேராக ஓட்ட வந்துவிட்டது. அடுத்து எந்த வித்தையைக் கற்கலாம், குதிப்பதையா?

குதிக்க ஆசை வருவது நியாயம்தான், வீடியோக்களில் அதுதான் எடுப்பாகத் தெரிகிறது. ஆனால் உங்களால் இப்போது வண்டியில் இருந்தபடியே நிற்க முடியாது. எதிரே யாராவது வந்தால் இறங்கிவிடுகிறீர்கள், அப்படித்தானே? அப்படியென்றால் முதலில் ஐட்லிங், அதாவது இறங்காமல் இருந்த இடத்திலேயே சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி நிற்பது.

"அது போரடிக்கும், நேரே ஹாப்பிங் (குதிப்பது) போங்கள்" என்று இங்கேயே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பயிற்சியாளர் இல்லை, போட்டிகளுக்கும் போனதில்லை. அதைச் சொல்லிக்கொண்டு யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம். நாற்பதைத் தாண்டிய பிறகு இதில் ஏறியவன், அவ்வளவுதான்.

என்னோடு பழகிய பையன்கள் எல்லாம் குதித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன். கேலிக்குக் குறைவில்லை. ஐட்லிங்கில் ஒரு கால் கீழே இருக்கும், வேலை முழுக்க அதனுடையது. அந்தப் பெடல் முன்னால் கிட்டத்தட்டக் கிடைமட்டம் வரை போய், அதே அளவு பின்னாலும் போக வேண்டும். பயந்துகொண்டு கொஞ்சமாக ஆட்டினால்தான் விழுவோம். நகர வேண்டியது சக்கரம், தலை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். உடம்புக் கனம் சீட்டில். எனக்கு வராமல் இழுத்தடித்ததற்குக் காரணம் மேலே இருந்த கால். அது தன் பங்குக்குப் பெடலை அழுத்தி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் எரிச்சலில் அந்தக் காலைத் தூக்கி, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தோளில் வைத்துவிட்டேன். வண்டி பாட்டுக்கு ஆடியது! ஒற்றைக்கால் ஐட்லிங்கை அப்படித்தான் பிடித்தேன், அதிலிருந்து ஒற்றைக்காலில் ஓட்டுவதும் வந்தது. பின்னோக்கி ஓட்டுவதும் இதே குடும்பம்தான்: ஆடிக்கொண்டே இருக்கும்போது பின்பக்கம் ஒரு அரைச் சுற்றைக் கூடவே விட்டால் தொடங்கிவிடும். மறு காலையும் கீழே வைத்துப் பழகுங்கள். ஓடும் வழியில் நிற்க வேண்டி வரும்போது எந்தக் கால் கீழே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சர்வதேச யூனிசைக்கிள் கூட்டமைப்பு திறமைகளை 10 நிலைகளாக வகுத்திருக்கிறது. அதிலும் ஐட்லிங் முதலில், டயரைக் காலால் தள்ளி ஓட்டும் வீல் வாக் பிறகுதான். ஆக, இது என் பிடிவாதம் மட்டும் இல்லை.

குதிக்கத்தான் வேண்டும் என்றால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கம்பி) இரண்டும் கிடைமட்டமாக இருக்கட்டும். பெடலில் எழுந்து நின்று, சீட்டின் முன்பிடியை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்து, முழங்காலை மடக்கிக் குதியுங்கள். டயர் தடிமனாக இருக்க வேண்டும். ஒல்லி டயரில் குதித்தால் ரிம் அடிவாங்கும். மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும் கட்டாயம். பெடலில் ஆணிமுனைகள் இருந்தால் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்துக்கும் காப்பு போடுங்கள்.

அப்புறம், கேட்காத ஒன்று. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பெடலைப் பாருங்கள். எனக்கு ஒருவர் விற்ற வண்டியில் சக்கரத்தையே இடவலம் மாற்றிப் பூட்டியிருந்தார். இடப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டியிருக்கும். அது வலப்பக்கம் போய்விட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்றுகொண்டே வரும். கிராங்கின் மரை தேய்ந்து மாவாகியிருந்தது. கேட்டால், "ஒரே சக்கரம்தானே, இதில் இடது என்ன வலது என்ன?" என்றார். பணமும் திரும்பவில்லை, புது கிராங்க் என் செலவு. இடக் கிராங்கில் 'எல்' என்றும் வலக் கிராங்கில் 'ஆர்' என்றும் பொதுவாகப் பொறித்திருப்பார்கள். சீட்டின் முன்பக்கம் எது என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.