ஆந்த்ரே மட்டும் போதுமா? – கடிதம்

அண்ணா வணக்கம்,

ஆந்த்ரே 3000, பிக் பாய்னு ரெண்டு பேரு சேந்த அட்லாண்டா ராப் ஜோடி அவுட்காஸ்ட் பத்தி நீங்க அடிக்கடி சொல்றீங்களேன்னு போன வாரம் ‘அக்வெமினி’ ஆல்பத்த முழுசா கேட்டேன். நியூயார்க் ராப் கேட்டு வளந்தவன் நான், அதனால மொதல்ல இழுவையாத்தான் இருந்துச்சு, ஏழு நிமிஷம் எட்டு நிமிஷம்னு பாட்டு போயிட்டே இருக்கு. ஆந்த்ரே 3000 வர்ற எடமெல்லாம் சிலிர்த்துருச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பிக் பாய் சும்மா கூட வர்ற ஆளாத்தான் தெரியறாரு. காரு, பொண்ணுங்க, ஊர்ப் பெருமை, அவ்வளவுதான். ஆந்த்ரே தனியா பண்ணிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமோ? தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க.

கே., கோயம்புத்தூர்

வணக்கம் தம்பி,

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, நெறைய பேரு இத மனசுல வெச்சுகிட்டு கேக்காம இருக்காங்க. ஆனா நீங்க சொல்றதுல எனக்குத் துளிகூட உடன்பாடு இல்ல.

இந்த ஆல்பம் வந்தது 1998 செப்டம்பர் 29. அப்ப சந்தேகக் கண்ணோட பாக்கப்பட்டது பிக் பாய் இல்ல, ஆந்த்ரேதான். தலப்பா கட்டிகிட்டு, கண்ணப் பறிக்கிற டிரஸ் போட்டுகிட்டு, கறி திங்கறத விட்டுட்டு சுத்துன ஆளு அவரு. ஆல்பத்துல இன்ட்ரோ முடிஞ்சதும் வர்ற பாட்டு ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜி’ல அவரே அந்தப் பேச்சையெல்லாம் எரிச்சலோட வரிசையா எடுத்து வெக்கறாரு, இவன் ஏதாச்சும் சாமியார் கும்பல்ல சேந்துட்டானா, போதைல இருக்கானா, ஓரினச் சேர்க்கையாளனா, ரெண்டு பேரும் எப்ப பிரியப் போறாங்கன்னு. பிக் பாய பத்தி இப்படி யாரும் கேக்கல, அவரு எல்லாருக்கும் புரிஞ்ச ஆளு. 2003ல ஆளுக்கொரு டிஸ்க்குன்னு டபுள் ஆல்பம் போட்டாங்க, ஆந்த்ரே டிஸ்க்குல இருந்த ‘ஹே யா’ உலகம் பூரா ஓடுச்சு, கிராமி விருதுல ஆல்பம் ஆஃப் த இயர் வேற, அதுக்கப்புறம்தான் மேதை ஒருத்தரு, கூட வந்தவரு ஒருத்தருன்னு எல்லாரும் பிரிச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பேச்ச தூக்கிட்டுப் போயி நீங்க 1998 மேல வெக்கறீங்க.

டைட்டில் பாட்டுல ஆந்த்ரேயே இதச் சொல்லிட்டாரு பாருங்க. ஜடை வளத்தவன் எல்லாம் இனத்துக்காக நிக்கறவனும் இல்ல, தங்கப்பல்லு கட்டுனவன் எல்லாம் உருப்படாம போறவனும் இல்ல, தோற்றத்தப் பாத்து ஏமாறாதன்னு. காரு பொண்ணுங்கன்னு நீங்க பிக் பாய தள்ளி விட்டதும் அந்த ஏமாத்தம்தான்.

இப்ப ‘ஸ்பாட்டிஒட்டிடோபலிஷியஸ்’க்கு வருவோம் (டைப் பண்றதுக்குள்ள மூச்சு வாங்குது). ஏழு நிமிஷப் பாட்டு, ரெண்டு பேருமே ராப் பண்ணல, பேசறாங்க. ஆந்த்ரே அட்லாண்டால ஒரு டிஸ்கோத்தேல ஒரு ராத்திரி எப்படிப் போச்சுன்னு சொல்லி முடிச்சதும் பிக் பாய் வர்றாரு. ஒரு பொண்ணப் பாத்ததுல ஆரம்பிக்கறாரு, அவ கழுத்து வாசன பாகு ஊத்துன சக்கரவள்ளிக் கிழங்க விட இனிப்பா இருந்துச்சாம். நீங்க சொன்ன மாதிரியேதான், பொண்ணு. சரி, ஜாலியான பாட்டுன்னு நாம உக்காந்திருக்கறப்பவே குடும்பம் கொழந்தன்னு ஆயிருது, போதை வித்த காச நம்பி பிள்ளைக்கு சோறு போட முடியாதுன்னு யுபிஎஸ் கூரியர்லயும் போஸ்ட் ஆபீஸ்லயும் வேலைக்குப் போட்டா போதைக்கு எடுக்கற யூரின் டெஸ்ட்ல காலி, ஒருத்தரும் திரும்பக் கூப்பிடல, மறுபடி பழைய தொழிலுக்கே போயி மாட்டிக்கறான். இத அவரு அழுதுகிட்டு சொல்லல, கொரல ஒசத்தக்கூட இல்ல. கொஞ்ச நேரம் இத ஊற வெச்சு யோசின்னு சொல்லிட்டு வாய மூடிக்கறாரு, மறுபடி பாட்டோட டிரம்பெட் வருது. அந்த நீளம் எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான். அந்த யூரின் டெஸ்ட் விஷயம் உள்ள எறங்க டைம் குடுக்கறாங்க, மூணரை நிமிஷத்துல வெட்டிருந்தா அது ஒரு ஜோக்கா போயிருக்கும்.

நியூயார்க் காதுக்கு இன்னொரு வழி சொல்றேன். ‘ஸ்க்யூ இட் ஆன் த பார்-பி’ல நியூயார்க் ராப் குழு வூ-டாங்ல இருக்கற ரேக்வான் வந்திருக்காரு, உங்காளு. 1995ல நியூயார்க்ல நடந்த சோர்ஸ் அவார்ட்ஸ்ங்கற ராப் விருது விழால அவுட்காஸ்ட் ரெண்டு பேரையும் கூட்டம் கூச்சல் போட்டு அசிங்கப்படுத்துச்சு, சவுத்துக்கும், அதாவது அட்லாண்டா மாதிரி தெக்குப் பக்கத்து ஊருங்களுக்கும், சொல்றதுக்கு இருக்குன்னு ஆந்த்ரே மைக்ல சொன்னது அந்த மேடைலதான், அந்த ஆடியோவக்கூட இந்த ஆல்பம் கடைசில வர்ற ‘சாங்கிஃபயர்’ முடியறப்ப ஒட்டி வெச்சிருக்காங்க. அதே நியூயார்க்ல இருந்து ஒருத்தர மூணு வருஷம் கழிச்சு கூட்டிட்டு வந்து பக்கத்துல நிக்க வெச்சு பிக் பாய் பாடறத கேளுங்க. வார்த்தைங்க எவ்வளவு வேகமா வந்தாலும் டிரம்ஸ்க்கு நடுவுல ஒரு எடத்துல கூட தடுக்கல. இப்படி பீட்ட இறுக்கிப் புடிக்க ஒருத்தரு இருக்கறதாலதான் ஆந்த்ரே நெனச்ச பக்கமெல்லாம் போயிட்டு திரும்ப வர முடியுது.

ஆர்கனைஸ்டு நாய்ஸ்னு ஒரு புரொடக்‌ஷன் டீம் மொத ரெண்டு ஆல்பத்துலயும் கூடவே நின்னாங்க, இந்த மூணாவதுல அவங்க பங்கு கொறவு, பெரும்பாலான புரொடக்‌ஷன் அவுட்காஸ்டோடதுதான். ஆல்பம் பேருலயே பிக் பாயோட கும்ப ராசிதான் மொதல்ல நிக்குது, ஆந்த்ரேயோட மிதுனம் அப்புறம்தான்.

அப்புறம் ஆந்த்ரே தனியா பண்ணிருந்தான்னு கேட்டீங்க. பண்ணிட்டாருங்க. 2003 டிஸ்க்குல ராப் இருக்கற எடத்த தேடித்தான் புடிக்கணும், பெரும்பாலும் பாட்டுதான், நல்ல பாட்டுங்கதான், ஆனா ஒரே மூச்சுல கேக்க எனக்குப் பொறுமை இருக்கறதில்ல. 2023ல வந்த தனி ஆல்பம் புல்லாங்குழல், அதுல ஒரு வரி ராப் கெடையாது. அவரு இஷ்டம், நான் குறை சொல்லல, ஆனா உங்களுக்கு சிலிர்த்த ஆந்த்ரே பிக் பாய்க்கு பக்கத்துல நின்ன ஆந்த்ரேதான்.

எல்லாத்தையும் தூக்கிப் புடிக்கல நான். ‘மாமாசிட்டா’ வந்தா நானே தள்ளி விட்டுருவேன். ஆனா ‘வெஸ்ட் சவானா’வ தள்ளாதீங்க, பிக் பாய் பொறந்து வளந்த ஊரு சவானா, மொத ஆல்பம் சமயத்துலயே ரெக்கார்ட் பண்ணி மிச்சம் இருந்த பாட்டு அது. நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல இந்த ஆல்பத்தோட பேஸ் பாதிக்கு மேல காணாமப் போயிரும். அடுத்தது அவங்களோட ரெண்டாவது ஆல்பம் ‘ஏடிலியன்ஸ்’, கேட்டுட்டு எழுதுங்க.