மூன்று ஆண்டுகள் தாண்டிவிட்டால் புகார் கொடுக்க முடியாதா?

கேள்வி: எனக்கு இப்போது 27 வயது. 2008-இல், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கி 2013 கோடை விடுமுறை வரை, அப்பா வழி உறவினர் ஒருவர் என்னிடம் பாலியல்ரீதியாக அத்துமீறி நடந்துகொண்டார். கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். குடும்ப மானம் போய்விடும் என்று என்னை வாய்திறக்க விடவில்லை. அந்த ஆள் இன்று வீட்டில் குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். "மூன்று வருடம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார். உண்மையா? புகார் கொடுத்தால் அம்மாவும் மாட்டிக்கொள்வாரா?

பதில்: நீங்கள் புகார் கொடுக்கலாம். குறைந்தபட்சம் 2012 நவம்பருக்குப் பிறகு நடந்தவற்றுக்கு, உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் பெரும்பாலும் தவறு. அதை நம்பி எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த "மூன்று வருடம்" குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆவது பிரிவில் இருப்பது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவு இருக்கிறது, கணக்கு மாறவில்லை. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றம் என்றால் காலவரம்பு ஆறு மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. மூன்று ஆண்டுகள் வரை சிறை என்றால் மூன்று ஆண்டுகள். ஒரு குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகளைத் தாண்டினால் காலவரம்பே கிடையாது. ஆகவே எத்தனை ஆண்டுகள் ஓடின என்று பார்ப்பதற்கு முன், நடந்தது எந்தக் குற்றம், அது நடந்த அன்று அதற்கு என்ன தண்டனை இருந்தது என்று பார்க்க வேண்டும். குற்றமும் தண்டனையும் அன்றைய சட்டப்படி. பின்னால் வந்த கடுமையான சட்டத்தைப் பின்தேதியிட்டுப் பொருத்த அரசியல் சாசனத்தின் 20-ஆவது கூறு இடம் தராது. வழக்கு நடக்கும் முறை மட்டும் இன்றைய சட்டப்படி.

உங்கள் வாழ்க்கையின் நடுவில் ஒரு தேதி விழுகிறது: 2012 நவம்பர் 14. அன்றுதான் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பற்றித் தயங்க வேண்டாம். பாலியல் நோக்கத்தோடு குழந்தையைத் தொட்டாலே ஐந்து ஆண்டுகள் வரை சிறை. உறவினர் செய்தாலோ, திரும்பத் திரும்பச் செய்தாலோ ஏழு ஆண்டுகள் வரை. உடலுறவுக்கு நிகரான செயல்களுக்கு இன்னும் மிகக் கடுமை. இவை எவற்றுக்கும் காலவரம்பு கிடையாது. ஆபாசப் படம் காட்டுவது, ஆபாசமாகப் பேசுவது போன்ற பாலியல் தொல்லைக்கு மட்டும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்பதால் அங்கே சிக்கல் எழலாம். ஆனால் ஒரே விசாரணையில் சேரக்கூடிய குற்றங்கள் பல இருந்தால், அவற்றில் கடுமையானதை வைத்தே காலவரம்பைக் கணக்கிட வேண்டும் என்று அதே 468-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உட்பிரிவு வரை பலர் படிப்பதில்லை. போக்சோவில் புகார் கொடுப்பதற்குக் காலவரம்பு எதுவும் சொல்லப்படவில்லை என்று மத்தியச் சட்ட அமைச்சகமும் 2018-இல் கருத்துச் சொல்லியிருக்கிறது.

2008 முதல் 2012 நவம்பர் வரையிலான பகுதிதான் கடினம். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் மட்டுமே கையில் இருந்தது. நடந்தது பாலியல் வன்புணர்வு என்றால் 376-ஆவது பிரிவு. 'இயற்கைக்கு மாறான உறவு' என்று 377-ஆவது பிரிவு சொன்ன செயல் என்றால் அந்தப் பிரிவு. இரண்டுக்கும் காலவரம்பு இல்லை. மற்ற அத்துமீறல்கள் 354-ஆவது பிரிவில்தான் வந்தன. அதற்கு அன்று இரண்டு ஆண்டுகள்தான் தண்டனை. 2013 பிப்ரவரியில்தான் அது ஐந்தாக உயர்ந்தது. ஆக, 2009-இல் நடந்த ஒரு தொடுதலுக்கு 2012-லேயே காலம் முடிந்துவிடுகிறது. அப்போது உங்களுக்கு வயது பதினான்கு. குழந்தை என்பதற்காக இந்தப் பிரிவு ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தருவதில்லை. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் மைனருக்கு 18 வயது வரை காலம் ஓடாமல் நிற்கும். தண்டனைச் சட்டம் அந்தச் சலுகையைக்கூடத் தரவில்லை. இதை அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அங்கேயும் கதவு முழுக்க மூடவில்லை. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தாலோ, நீதியின் நலனுக்கு அவசியம் என்றாலோ காலம் கடந்த வழக்கையும் நீதிமன்றம் கோப்புக்கு எடுக்கலாம். பழைய சட்டத்தில் 473, புதியதில் 519. உங்கள் வழக்கறிஞர் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே பழையதை விட்டுவிட்டுப் புகார் எழுதாதீர்கள். ஐந்து ஆண்டுகளையும் தொடர்ச்சியாக எழுதுங்கள். எந்தப் பிரிவு நிற்கும் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படியொரு வழக்கின் உயிர், தேதி. நாள் கிழமை நினைவில் இருக்க வேண்டியதில்லை. 14-11-2012-க்கு முன்னா, பின்னா என்று சொல்லத் தெரிந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு ஆண்டு நினைவில்லை. ஆனால் அன்று எந்த வீட்டில், எந்த அறையில் இருந்தோம் என்பது தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்குக் குடிபோனதைப் பழைய சமையல் கேஸ் இணைப்புப் புத்தகத்தின் முகவரி மாற்றம் சொல்லிவிட்டது. உங்கள் மதிப்பெண் அட்டை, மாற்றுச் சான்றிதழ், வீட்டு விசேஷங்களின் போட்டோ, அந்த ஆள் வேலை மாறிய ஆண்டு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பு வாரியாக எழுதுங்கள். அவர் எப்போதாவது மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

அவருடைய வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அவருக்கு 18 நிரம்பவில்லை என்றால், இன்று எவ்வளவு வயதானாலும் விஷயம் முதலில் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும்.

இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். பாலியல் குற்றங்களில் புகார் தாமதமானதை மட்டும் வைத்து வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று 1996-இல் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவச் சான்று இல்லாததும் தடையாகாது; நம்பத்தகுந்ததாக இருந்தால் உங்கள் சாட்சியம் ஒன்றே போதும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். குற்றம் தெரிந்தும் சொல்லாதவருக்கு போக்சோவின் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதற்குக் காலவரம்பு ஓராண்டுதான். அதாவது, உங்கள் வழக்குக்கு ஆகாத காலவரம்பு அம்மாவுக்கு அரணாக நிற்கிறது. சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் குற்றம் தொடர்ந்தது, அதனால் காலம் முடியவில்லை என்று யாரேனும் வாதிடலாம். பதில் சொல்ல முடியும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். 2013-இல் நீங்கள் அழுதுகொண்டு சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அவர். அவர் வந்து "ஆமாம், அன்றே சொன்னாள்" என்று சொன்னால், அதைவிட வலுவான துணைச் சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். முதல் தகவல் அறிக்கை போட மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் நீதிமன்றத்தை அணுகலாம். உங்கள் பெயரோ அடையாளமோ வெளிவரச் சட்டம் அனுமதிக்காது. வேறு வழக்கறிஞர் வேண்டும் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

அந்த டியூஷன் குழந்தைகளின் விஷயம் மட்டும் உங்கள் வழக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் புகார் கொடுக்க இன்னும் ஒரு மாதம் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். அது உங்கள் உரிமை. ஆனால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ இன்றே அழைக்கலாம்.