பதில்: ரெம்பிராண்ட் ஓவியத்தில் ஹீப்ரு எழுத்துகள் வரிசை மாறி வருகின்றன

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'பெல்ஷாத்சாரின் விருந்து' ஓவியத்தை வைத்துச் செய்யும் டிஜிட்டல் படைப்பில், சுவர் எழுத்தை (பைபிள் கதையில் அரசனின் விருந்தில் ஒரு கை சுவரில் எழுதும் ஹீப்ரு எழுத்துகள்) ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் வரிசை புரண்டுவிடுகிறது என்கிறீர்கள். ஹீப்ரு வலமிருந்து இடமாக எழுதப்படுவது; ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பு இடமிருந்து வலமாக அடுக்குவதுதான் காரணம். பழைய பதிப்புகளில், டைப் அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' தேர்ந்தெடுத்தால் சாதாரண வரிகள் சரியாகிவிடும்.

உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. ரெம்பிராண்ட் அந்த 15 எழுத்துகளை ஐந்து நெடுவரிசையில், நெடுவரிசைக்கு மூன்றாக, மேலிருந்து கீழாக எழுதினார். ஐந்து தனி டெக்ஸ்ட் லேயர் போடுங்கள். எழுத்துக்கு ஒரு என்டர். முதல் நெடுவரிசை வலது ஓரத்தில் வரட்டும். ஒரு வரிக்கு ஒரே எழுத்து என்பதால் புரள வழியே இல்லை. செங்குத்து டைப் கருவி தேவையில்லை.

கடைசி எழுத்தில் கவனம். அங்கே இறுதி நூன் (சொல்லின் கடைசியில் நூன் எழுத்து எடுக்கும் வடிவம்) வரவேண்டும். ஓவியத்தில் இருப்பது ஸயின் என்ற வேறு எழுத்து. இறுதி நூனின் கால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும், ஸயினின் கால் இறங்காது. சாதாரண நூனைத் தட்டினால் அது தானாக மாறாது. இஸ்ரேல் விசைப்பலகையில் இறுதி நூனுக்குத் தனி விசை, ஆங்கில 'ஐ' இருக்குமிடம். மூல ஓவியத்தைத் தொடாமல், மேல் லேயரில் காலை மட்டும் நீட்டுங்கள். ஹீப்ரு படிப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். ஆசான் ரெம்பிராண்டுக்குச் செய்யும் மரியாதையும் அதுவே என்பேன்.

இந்த வாசகத்தில் இறைநாமம் இல்லை, சோதனை அச்சுகளைக் கழித்துவிடலாம். ஹீப்ருவில் இறைவனைக் குறிக்கும் நான்கெழுத்துத் திருநாமத்தைச் சேர்ப்பதானால் அந்தத் தாள்களைக் குப்பையில் போடக்கூடாது. ஜெனிஸாவில் (புனித எழுத்துள்ள பழைய தாள்களைச் சேர்த்துவைக்கும் இடம்) சேர்த்து, பிறகு புதைப்பது யூத வழக்கம். ஆகவே இறுதி அச்சுவரை அந்த லேயரை அணைத்தே வையுங்கள்.