தாம்பரம் பக்கத்துல முடிச்சூர்ல லேஅவுட் அப்ரூவல் இருக்கற மனை, ஆனாலும் மழைக்கு முட்டியளவு தண்ணி நிக்குது. மண்ணு கொட்டி 4 அடி ஏத்தினா தண்ணி நிக்காதா?

அது மட்டும் போதாதுங்க. சுத்தி தடுப்புச் சுவர் கட்டாம மண்ணு கொட்டினா முதல் ஐப்பசி மழைக்கே கரைஞ்சு பக்கத்து மனைக்குள்ள போயிடும், அப்புறம் அவங்களோட சண்டைதான்.

லேஅவுட் அப்ரூவல் இருந்தும் முட்டியளவு நிக்குதுன்னா, ஏரிக்குப் போற பழைய வாய்க்கால ரோடு போட்டு மூடியிருக்க வாய்ப்பு அதிகம். தாலுகா ஆபீஸ்ல கிராம வரைபடம், எஃப்எம்பி (சர்வே நம்பர் வாரியா இருக்கற நில அளவுப் படம்) ரெண்டையும் வாங்கி உங்க சர்வே நம்பர் பக்கத்துல வாய்க்கால் கோடு ஓடுதான்னு பாருங்க. ஓடுச்சுன்னா மனு குடுத்து தூர்வார வைக்கிறதுதான் முதல் வேலை.

ஆனா 2015 டிசம்பர்ல அடையாறு ஆறு கரை மீறி வந்துச்சே, அந்த மாதிரி வெள்ளத்துக்கு வாய்க்காலும் தாங்காது. பழைய காம்பவுண்ட் சுவருங்கள்ல அந்த வெள்ளம் நின்ன கறை இன்னும் இருக்கலாம், அதை டேப் வெச்சு அளந்துட்டு வீட்டோட தரைமட்டத்த அதுக்கு மேல வெச்சுக்கோங்க.