பழைய செயின் டிராக்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவில் நாங்கள் வாங்கிய பாதாம் தோப்போடு, ஷெட்டில் கிடந்த ஒரு பழைய செயின் டிராக்டரும் (சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயின் பட்டையில் ஓடுவது) வந்தது. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின், அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு இன்ஜின். மேலே பெயர் எதுவும் தெரியவில்லை. என்ன மாடல், எந்தக் காலத்து வண்டி?

பதில்: டீசலைக் கிளப்பவே தனியாக ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் இருந்தால், அது அநேகமாக கேட்டர்பில்லர்தான். அதே காலத்து இன்டர்நேஷனல் டிடி வண்டிகளில் ஒரே இன்ஜின்தான். பெட்ரோலில் கிளம்பி டீசலுக்கு மாறும். மஞ்சள் பெயின்ட்டை வைத்து வருஷம் சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தை விட்டு கேட்டர்பில்லர் கம்பெனி மஞ்சளுக்கு மாறியது 1931 டிசம்பரில். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் மஞ்சள்தான்.

முதலில் டேப்பை எடுங்கள். இடது செயின் பட்டையின் வெளி விளிம்பிலிருந்து வலது பட்டையின் உள் விளிம்பு வரை அளந்தால், அதுவே இரண்டு செயின்களின் நடுவுக்கு நடு தூரம். 40 அல்லது 50 அங்குலம் என்றால் கேட்டர்பில்லரின் டி2 மாடல். 44 அல்லது 60 என்றால் டி4. தோப்பு வேலைக்கு டி2 பேர்பெற்றது, உங்களுடையதும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, பின்பக்க டிரான்ஸ்மிஷன் கேஸையும் இன்ஜின் பிளாக்கையும் டீசல் ஊற்றி வயர் பிரஷால் தேய்த்து சீரியல் எண்ணைத் தேடுங்கள். எண்ணின் தொடக்கம்தான் முக்கியம். டி2-வில் 3ஜே (40 அங்குலம்), 5ஜே (50 அங்குலம்) என்றால் 1938 முதல் 1947 வரை வந்தவை. 4யூ (40), 5யூ (50) என்றால் 1947 முதல் 1957 வரை. ஜே வண்டிகளின் சிலிண்டர் போர் (துளையின் விட்டம்) 3¾ அங்குலம், யூ வண்டிகளுக்கு 4 அங்குலம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டுக்கும் 5 அங்குலம். பிஸ்டன், லைனர், ரிங் வாங்கும்போது இந்தக் கால் அங்குலம்தான் பணத்தைக் காப்பாற்றும். பிளாக்கில் ஒரு தொடக்கமும் பின்கேஸில் வேறொன்றும் இருந்தால் இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது. இன்ஜின் சாமான்களை பிளாக்கின் எண் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: பல வருஷம் ஓடாத வண்டி. எப்படிக் கிளப்புவது?

பதில்: கிளப்பும் முன், அதை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். நின்றுபோன வண்டியில் டீசல் பம்பின் பிளஞ்சர்களும் (டீசலைத் தள்ளும் சிறு தண்டுகள்) ராக்கும் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பற்சட்டம்) பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும். முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்தால், கிளம்பிய நொடியிலேயே வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி இன்ஜின் சிதறிவிடும். த்ராட்டில் லீவரைத் தள்ளி இழுக்கும்போது ராக் கூடவே தடையில்லாமல் நகர வேண்டும். அப்படி நகர்ந்தாலும், முதல் தடவை காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பிறகு சின்ன இன்ஜின். அதன் ஆயில் தனி. அளவுக்கோலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் மிதவை கசிந்து ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. மாற்றாமல் ஓட்டினால் பேரிங் போய்விடும். புகைக்குழாயை மூடாமல் விட்டிருந்தால் மழைத்தண்ணீர் இறங்கி பிஸ்டன் துருவோடு இறுகியிருக்கலாம், ஆகவே முதலில் மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பெரிய கிளட்சை விடுவியுங்கள், டீசல் லீவர் நிறுத்தும் நிலையில், கம்ப்ரஷன் லீவர் (சிலிண்டரின் காற்றழுத்தத்தை விடுவிப்பது) 'ஸ்டார்ட்' நிலையில். சின்ன இன்ஜினை அதன் கிளட்ச் விடுபட்ட நிலையிலேயே கிளப்பிச் சூடேற விடுங்கள். வேகத்தைக் குறைத்து, பினியனை (சின்ன பற்சக்கரத்தை) டீசல் இன்ஜினின் ஃப்ளைவீலில் பொருத்தி, வேகம் கொடுத்து, கிளட்சை மெதுவாகச் சேருங்கள். இப்போது டீசல் கம்ப்ரஷன் இல்லாமல் சுழலும். ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை அப்படியே விடுங்கள். பிறகு கம்ப்ரஷனை 'ரன்'னுக்கு மாற்றி இன்னும் சில நிமிடம் சுற்ற விடவும். இரண்டு இன்ஜினுக்கும் ஒரே தண்ணீர். சின்னதன் புகைக்குழாய், டீசல் காற்றிழுக்கும் மேனிஃபோல்டுக்குள் புகுந்து வருகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் எளிதாகப் பிடிக்கும். சூடேறியபின் டீசலைத் திறந்தால் போதும்.

டீசல் வேகமெடுத்ததும் பினியன் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். அதன் எடைக்கட்டைகளில் பிசுக்கு ஏறியிருந்தால் கழலாது. ஃப்ளைவீல் சின்ன இன்ஜினை இழுத்துக்கொண்டு ஓடி உடைத்துவிடும். அதனால் டீசல் பிடித்த உடனே சின்னதன் கிளட்சைக் கையால் விடுவித்துவிடுங்கள். நிறுத்தும்போது பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கட்டும். மேலே சொன்ன கசிவுக்கு மருந்து இதுதான்.

கேள்வி: இடது லீவரை இழுத்தால் வண்டி திரும்ப மறுக்கிறது. இறக்கத்தில் ஒருமுறை எதிர்ப்பக்கம் போய்விட்டது.

பதில்: இவை இரண்டு தனிச் செய்திகள். திரும்ப மறுப்பது, ஸ்டீயரிங் கிளட்ச் (ஒவ்வொரு செயினுக்கும் தனியாக உள்ள கிளட்ச்) தட்டுகள் துருப்பிடித்து ஒட்டியதால். அந்த அறையின் அடி பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் கொட்டினால் சீலும் போயிருக்கிறது. பிளக்கை மாட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, திறந்த வெளியில் ஓட்டியபடி லீவரை முழுக்க இழுத்து அதே பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். விட்டுக்கொண்டதும் மண்ணெண்ணெயை மறக்காமல் வடித்துவிட வேண்டும்.

எதிர்ப்பக்கம் போனது பழுதல்ல. இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். இடது கிளட்சை விட்டால் இடது செயின் தடையின்றி உருண்டு முந்தும், வலதுதான் பின்தங்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். பிரேக் மிதிக்காமல், பாரம் தள்ளும் இறக்கத்தில் இடதுபக்கம் போக வலது லீவரைத்தான் இழுக்க வேண்டும். இதைச் சமதளத்தில் கற்றுக்கொள்ள முடியாது. லேசான சரிவில், முதல் கியரில் பழகுங்கள்.

கேள்வி: செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பதில்: முன் சக்கரத்துக்கும் மேல் ரோலருக்கும் நடுவில் கடப்பாரையால் நெம்பினால் 1 முதல் 1½ அங்குலம் எழ வேண்டும். அதைவிட இறுக்கினால் செயின் இணைப்புகளில் உள்ள பின்னும் புஷ்ஷும் தேயும்.