வண்டியில் வசனம், மண்டியில் தராசு

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

காவேரிப்பட்டணம் பக்கம் அப்பா நடத்திய மாங்காய் மண்டியை இந்த வருடம் முதல் நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். நாலு பேருக்குச் சாட்சியாக இருக்க வேண்டும் என்று ஆசை. பிக்கப் வண்டியில் வசனம் எழுதலாமா? மண்டி திறக்கும்போது எல்லார் முன்பும் ஜெபம் செய்யலாமா? கிறிஸ்துமஸுக்கு லோடுமேன்களுக்கு வேட்டி சேலை கொடுப்பதை ஸ்டேட்டஸ் போட்டால் பெருமையாகிவிடுமா? 1895-ல் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கிய லுத்தரன் மிஷனரி தியோடர் நேத்தரைப் போல உயிரைக் கொடுக்க நமக்கு வாய்ப்பில்லை. சாதாரண வியாபாரி எப்படிச் சாட்சியாக இருப்பது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தையும் ஆறாம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஐந்தில் இயேசு, மனிதர் உங்கள் நற்கிரியைகளைக் காணட்டும் என்கிறார். ஆறில் மனிதர் காண வேண்டுமென்று செய்யாதீர்கள் என்கிறார். இரண்டும் ஒன்றையொன்று அடிப்பதாகப் பலர் குழம்புகிறார்கள். ஆறாம் அதிகாரத்தில் எவற்றை மறைக்கச் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்: தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றுதான். தராசையும் கூலியையும் மறைக்கச் சொல்லி எங்கும் இல்லை. நாம் ஜெபத்தை மைக்கில் வைத்துவிட்டு, தராசின் முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறோம்.

வண்டியில் வசனம் எழுதுவது உங்கள் விருப்பம். ஜெபத்தை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். ஸ்டேட்டஸ் கூடவே கூடாது. கை நீட்டி வாங்குகிறவரின் முகம் உங்கள் போனுக்கு உரியதல்ல.

நேத்தர் 1904-ல் இதே கிருஷ்ணகிரியில் பிளேக் நோயில் இறந்தார். அவரைக் காட்டி ‘நமக்கு வாய்ப்பில்லை’ என்று சொல்வது நழுவுகிற பேச்சு, தம்பி. உங்களிடம் யார் உயிரைக் கேட்டார்கள்? பர்கூரிலிருந்து டிராக்டரில் பெங்களூரா ரக மாங்காய் கொண்டுவருகிறவர் சரியான எடையைக் கேட்கிறார், அவ்வளவுதான்.

எடை எங்கே நழுவுகிறது என்று பாருங்கள். காய் வருகிற பிளாஸ்டிக் பெட்டி, அதாவது கிரேட், காலியாக 1 கிலோ 600 கிராம் இருக்கும், எடைச் சீட்டில் 2 கிலோ என்று கழிப்பார்கள். 400 கிராம்தானே என்று தோன்றும். கிரேட்டுக்கு 20 கிலோ காய் என்றால் ஒரு டன்னுக்கு 50 கிரேட். டன்னுக்கு 20 கிலோ, அதாவது ஒரு கிரேட் காய், சும்மா போகிறது. இதற்கு மேல் 22 கிலோ 800 வந்தால் 22 என்று எழுதுவது வேறு. கழுவின கிரேட்டில் தண்ணீர் நின்றால் அதன் எடையும் கூடும், பழைய கிரேட்டும் புதுக் கிரேட்டும் ஒரே எடை இருக்காது. ஆகவே தினமும் காலையில் அன்றைக்குப் புழங்குகிற கிரேட்டில் பத்தைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். வருகிற எடையைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

தராசையும் தினமும் பார்க்க வேண்டும். தராசு சமமாக இருக்கிறதா என்று காட்டும் குமிழி நடுவில் நிற்கிறதா, காலி மேடையில் பூஜ்யம் காட்டுகிறதா? பிறகு முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எடை வர வேண்டும். மேடைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மாவிலைக் காம்பு சிக்கினாலும் பாரத்தில் கொஞ்சத்தை அது தாங்கிக்கொள்ளும், எடை குறைவாகக் காட்டும். நஷ்டம் விவசாயிக்கு. வேண்டுமென்று செய்யவில்லை என்பீர்கள். குனிந்து பார்க்கவில்லையே! “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்று நீதிமொழிகளில் படிக்கிற நாம், மேடையைத் தூக்கித் துடைக்கச் சோம்பல்படலாமா?

இப்படிச் செய்தால் முதல் சீசனில் அடி விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மண்டியில் கிலோ 20 ரூபாய் என்று சொல்லி, நூறு கிலோவுக்கு 5 கிலோ கழிவு பிடித்தால் விவசாயி கைக்கு வருவது கிலோவுக்கு 19 ரூபாய். நீங்கள் கழிவே இல்லாமல் 19 ரூபாய் 50 காசு கொடுத்தாலும் உங்கள் விலைதான் குறைவாகத் தெரியும், வண்டி அங்கே திரும்பிவிடும். அதனால் சீட்டில் மொத்த எடை, கிரேட் எடை, நிகர எடை, கழிவு, கமிஷன் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து அவரே கணக்குப் போடுவார். ‘கிறிஸ்தவன் கடை, எடை சரியாக இருக்கும்’ என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லவே கூடாது.

வேட்டி சேலைக்கு வருகிறேன். டிசம்பரில் துணி கொடுக்கிற நீங்கள் ஜூனில் கூலியை எப்போது கொடுக்கிறீர்கள்? கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். ‘மாம்பழக் கூழ் கம்பெனி பணம் வரட்டும்’ என்று லோடுமேனைச் சனிக்கிழமைவரை நிறுத்திவைத்தால் அது அவரிடம் நீங்கள் வாங்குகிற வட்டியில்லாக் கடன். கம்பெனி தாமதம் செய்யும் என்று தெரிந்ததுதானே? சீசனுக்கு முன்பே பத்து நாள் கூலிப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் லோடைக் குறையுங்கள்.

பழுக்கவைத்தும் விற்பதாக இருந்தால் கார்பைடு கல் மண்டிக்குள்ளேயே வரக் கூடாது. அது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு அறைக்கு 100 பிபிஎம் வரை, அதாவது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு வரை, அனுமதி உண்டு.

மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம். அப்பா கடைசியாக எப்போது போட்டார் என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் மே மாதக் காய் வருவதற்குள் புதுப்பித்து, விவசாயி நிற்கிற பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். தராசின் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். வண்டிக்கு என்ன வசனம் என்று பிறகு பேசுவோம்.