தான்சானியா போகும் மகளுக்குப் பெட்டியில் என்ன வைப்பது?

கேள்வி: என் மகள் கன்னியர் சபையில் இருக்கிறாள். நர்சிங் படித்தவள். இப்போது தான்சானியாவில் ஒரு கிராம மருந்தகத்துக்கு அனுப்புகிறார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், நாங்கள் எதையெல்லாம் கொடுத்தனுப்பலாம்? சொல்லுங்கள் சிஸ்டர்.
- தூத்துக்குடி வாசகி

பதில்: அம்மா, நானும் அந்த நாட்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள்தான். சாப்பாட்டுக் கவலையை முதலில் விடுங்கள். அரிசி, தேங்காய், புளி எல்லாம் அங்கேயே விளைகிறது. நம் ஊர்க் கடைகளுக்கு வரும் துவரம்பருப்பிலேயே ஒரு பங்கு தான்சானியாவிலிருந்து கப்பலேறி வருவதுதான். மடத்தில் பெரும்பாலும் உகாலி இருக்கும். மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கெட்டியாகக் கிண்டுவார்கள்; நம் களி மாதிரி. கூடவே பீன்ஸ் குழம்பு, ம்சிச்சா கீரை. அது நம் தண்டுக்கீரைக்குச் சொந்தம். ஒரு பாட்டில் ஊறுகாயும் கொஞ்சம் சாம்பார் பொடியும் போதும். ஆனால் பிளாஸ்டிக் கேரி பையில் சுற்றி வைக்காதீர்கள். 2019 ஜூன் முதல் அங்கே அதற்குத் தடை.

மிச்ச இடத்தில் நர்சிங் சான்றிதழ்களின் அசலும் சான்றொப்பமிட்ட நகல்களும் இருக்கட்டும். அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் நோயாளியைத் தொட முடியும். மிஷனரிகளுக்கான 'சி' வகைக் குடியிருப்பு அனுமதியைச் சபையே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. முதல் வருடத்தை மகள் அந்த ஊர் மொழியான சுவாஹிலிக்குக் கொடுக்க வேண்டும். விக்டோரியா ஏரிக்கரையில், முசோமா பக்கத்தில் மகோகோ என்ற இடத்தில் மிஷனரிகளுக்கென்றே தொடங்கிய மொழிப்பள்ளி உண்டு. அங்கோ வேறெங்கோ, சில மாதம் படித்துவிட்டு வேலையில் இறங்க மேலிடத்தில் கேட்கச் சொல்லுங்கள். மருந்தகத்தில் ஆள் குறைவு, உடனே வா என்பார்கள். அதற்கு இணங்க வேண்டாம்.

நான் இணங்கினேன். வந்த மூன்றாம் மாதம் ஒரு தாயிடம், பிள்ளைக்குத் தடுப்பூசி போட எட்டு மணிக்கு வரச் சொன்னேன். 'ஸா நானே' என்றேன். சுவாஹிலியில் 'ஸா' என்றால் மணி, 'நானே' என்றால் எட்டு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்கே சூரியன் உதித்ததிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. நம் எட்டு அவர்களுக்கு இரண்டு. நான் சொன்ன எட்டு, நம் கடிகாரத்தில் பிற்பகல் இரண்டு. அவர் சரியாக இரண்டுக்கு வந்து நின்றார். முதுகில், கங்கா என்று அங்கே பெண்கள் உடுத்தும் துணியில் கட்டிய குழந்தை, முழங்கால் வரை செம்மண். தடுப்பூசிப் பெட்டியோடு வண்டி மதியத்துக்கு முன்பே போய்விட்டது. என் முகத்தைப் பார்த்து அவர்தான் 'போலே, சிஸ்டர்' என்றார். யாருக்காவது நோவு, இழவு, களைப்பு என்றால் அவர்கள் முதலில் சொல்லும் ஆறுதல் அந்த 'போலே'. நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

வயதானவர் வந்தால் நர்ஸ்தான் முதலில் 'ஷிகமோ' என்று வணங்க வேண்டும். அவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொண்ட பிறகே என்ன உடம்புக்கு என்ற பேச்சு. வீடு பார்க்கப் போனால் வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து 'காரிபு' வரும் வரை காத்திருக்க வேண்டும். இதைத் தெரியாதவரின் ஊசியை வாங்கிக்கொள்வார்கள், மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

இனி காய்ச்சல். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் மலேரியா. மருந்து தாமதித்தால் ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக்கூடிய வகை. மருந்தேற்றிய கொசுவலைக்குள்தான் தினமும் தூக்கம், காய்ச்சல் கண்ட அன்றே பரிசோதனை. விரலில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊருக்கெல்லாம் சோதனை செய்யும் நர்ஸ்கள் தங்களுக்கு வந்தால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். அதை நீங்கள் கண்டித்துச் சொல்லுங்கள், அம்மா சொன்னால் கேட்பாள். விடுமுறையில் வீட்டுக்கு வந்து பல வாரம் கழித்துக் காய்ச்சலடித்தாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாகத் தான்சானியாவிலிருந்து வந்தவள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.